வாக்கில்லாதவர்களுக்காகச் சட்டமன்ற வாசலில்

2015 டிசம்பரில் பாரிஸில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட காலநிலை ஒப்பந்தத்தின் முகவுரையில், 'காலநிலை நீதி' என்னும் கருத்து சிலருக்கு முக்கியமானது என்பதைக் குறித்துக்கொள்வதாக ஒரு வரி இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்தக் கருத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். அந்தச் சிலரில் பலர் ஏழைகள். பலர் தாழ்ந்த தீவுகளிலும் வறண்ட நிலங்களிலும் வாழ்பவர்கள். அவர்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் அந்த மாநாட்டு அரங்குகளுக்குச் சென்று வாதாடியவர்களில் சமய அமைப்புகளும் உண்டு என்பதை இறைநம்பிக்கை உள்ளவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் மாநாட்டு அரங்கைவிட நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும்தான் அவர்கள் நிற்கவேண்டிய முதன்மையான இடங்கள் என்று சில காலமாகவே எனக்குத் தோன்றிவருகிறது. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

சட்டம் இயற்றுபவர்கள் தங்களுக்கு வாக்களித்தவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மக்களாட்சியின் வலிமை இதுதான். காலநிலை விஷயத்தில் அதன் குறையும் இதுவே. 1990 முதல் 2015 வரை வளிமண்டலத்தில் சேர்ந்த கரிம உமிழ்வில் உலகின் மிகச் செல்வந்தரான பத்து விழுக்காட்டினரின் பங்கு 52 விழுக்காடு என்றும், ஏழைகளான பாதி மனிதகுலத்தின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே என்றும் ஆக்ஸ்ஃபாம் என்னும் பன்னாட்டு வறுமை ஒழிப்பு அமைப்பு 2020இல் கணக்கிட்டது. அந்த ஏழைகளில் பெரும்பாலோருக்கு, உமிழ்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் எந்த நாட்டில் இயற்றப்படவேண்டுமோ அந்த நாட்டில் வாக்கு இல்லை. இன்றைய குழந்தைகளுக்கும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் எந்த நாட்டிலுமே வாக்கு இல்லை. சமயச் சமூகத்தின் நிலை வேறு. அதிகமாக எரிக்கும் நாட்டிலும் அதன் விளைவைச் சுமக்கும் நாட்டிலும் அதே மறையை ஓதி, அதே இறைவனை வணங்கும் உறுப்பினர்கள் அதற்கு இருக்கிறார்கள். அரசியல் கட்சிக்கோ தொழில் கூட்டமைப்புக்கோ அப்படி இருபுறமும் உறவு இருப்பது அரிது. வாக்கு இல்லாதவரின் துன்பத்தை வாக்கு உள்ளவரின் வாயிலாகச் சட்டமன்றத்துக்குள் கொண்டுசெல்ல முடிவதுதான் இந்தத் துறையில் சமயச் சமூகங்களுக்கு இருக்கும் தனிப்பெரும் தகுதி என்று நான் கருதுகிறேன்.

அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 2015ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே, திருத்தந்தை பிரான்சிஸின் 'லௌதாத்தோ சி' திருமடல் ஜூனில் வெளிவந்தது. வளமான வடக்கு நாடுகள் தெற்குக்குச் சூழலியல் கடன் பட்டிருக்கின்றன என்று அது வெளிப்படையாகவே சொன்னது. ஆகஸ்ட்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் நூறு விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும்படி அரசுகளைக் கேட்டுக்கொண்டார்கள். இந்து, பௌத்தத் தலைவர்களும் அதே ஆண்டில் அறிக்கை வெளியிட்டார்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட யூத ரபிகள் ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் காலநிலைப் பேச்சாளராக இருந்த யெப் சான்யோ, ஹையான் சூறாவளி தன் நாட்டை அழித்த சில நாட்களிலேயே வார்சா மாநாட்டில் உண்ணாநோன்பு இருந்தவர், ரோம் நகரிலிருந்து பாரிஸ் வரை நடந்து சென்றார். சமய அமைப்புகள் திரட்டிய ஏறத்தாழ 18 லட்சம் கையொப்பங்கள் மாநாட்டுக்கு முன்பு ஐ.நா. காலநிலைச் செயலகத் தலைவர் கிறிஸ்தியானா ஃபிகரெஸிடம் ஒப்படைக்கப்பட்டன. இவை எல்லாம் என் மனத்தைத் தொட்டவை. ஆயினும் அறிக்கையைப் பாராட்டிவிட்டு அதற்கு மாறாகவே வாக்களிக்க ஓர் உறுப்பினரால் முடியும். மசோதாவின் ஓர் உட்பிரிவைக் காட்டி, இதில் இந்த எண் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று தன் தொகுதி மக்களே கேட்கும்போது அவரால் அவ்வளவு எளிதாக நழுவ முடியாது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். 1978இல் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெயை லாரிகளில் கொண்டுவந்து, அம்மாநிலச் சாலைகளின் ஓரமாக ஏறத்தாழ 240 மைல் தொலைவுக்கு யாரும் அறியாமல் கொட்டிவிட்டார்கள். நஞ்சேறிய அந்த மண்ணைப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுன்டி. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள், வருமானம் குறைந்தவர்கள். 1982 செப்டம்பரில் மண் ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கியபோது, ஊர் மக்கள் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி, வழிபட்டு, அங்கிருந்து ஊர்வலமாகச் சென்று சாலையில் படுத்தார்கள். சில வாரங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நச்சுக் குப்பைமேடு அங்கேயே அமைந்தது. அந்த வகையில் போராட்டம் தோற்றது.

ஆனால் கைதானவர்களில் ஒருவரான வால்டர் ஃபான்ட்ராய், போதகராகவும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தலைநகரின் பேராளராகவும் இருந்தவர். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு தென்கிழக்கு மாநிலங்களை ஆராய்ந்து, அங்கிருந்த நான்கு பெரிய நச்சுக் கழிவுப் புதைகுழிகளில் மூன்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடங்களில் இருப்பதாக 1983இல் அறிவித்தது. 1987இல், பெஞ்சமின் சாவிஸ் தலைமையில் இயங்கிய ஐக்கிய கிறிஸ்து சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுவதற்குமான ஆய்வை வெளியிட்டது. கழிவு நிலையம் எங்கே அமைகிறது என்பதை வருமானத்தைவிட இனமே கூடுதலாக முன்னறிவிக்கிறது என்பது அதன் முடிவு. அதை நடத்தியது ஒரு திருச்சபை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புலம்பல்களைத் தரவாக மாற்றும் வேலையை அவர்கள் பிறரிடம் விட்டுவிடவில்லை. அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக மக்கள்தொகையையும் கழிவு நிலையங்களையும் ஒப்பிட்டார்கள். 1991இல் வாஷிங்டனில் சூழலியல் நீதிக்கான பதினேழு கோட்பாடுகளை வகுத்த மாநாட்டைக் கூட்டியதும் அதே ஆணையம்தான். 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன், எல்லாக் கூட்டாட்சித் துறைகளும் தங்கள் முடிவுகள் ஏழைகள்மீதும் சிறுபான்மையினர்மீதும் சுமத்தும் பாதிப்பைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று நிர்வாக ஆணை பிறப்பித்தார்.

நிர்வாக ஆணை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. ஓர் அதிபரின் கையொப்பத்தால் வந்ததை இன்னோர் அதிபரின் கையொப்பம் நீக்கிவிடும். 2025 ஜனவரியில் அப்படியே நடந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த அந்த ஆணை, புதிய ஆட்சி பொறுப்பேற்ற மறுநாளே ரத்தானது. நல்லெண்ணம் உள்ள ஆட்சியாளரைச் சந்தித்து ஓர் அறிவிப்பைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடும் சமயத் தலைவர்கள் அந்த நாளை மறக்கக்கூடாது.

சட்டமாகவே கேட்டுப் பெற்றதற்கு பிரிட்டனின் 2008ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டம் நல்ல சான்று. 2007இல் அரசு வெளியிட்ட வரைவில், 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2050க்குள் 60 விழுக்காடு உமிழ்வைக் குறைப்பது என்றுதான் இருந்தது. இது போதாது என்று சூழல் அமைப்புகளோடு கூட்டணி சேர்ந்து வாதாடியவற்றில் கிறிஸ்டியன் எய்ட், காஃபோட், டியர்ஃபண்ட் போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. கிறிஸ்டியன் எய்ட் அதே ஆண்டில் ஆயிரம் மைல் நடைப்பயணம் ஒன்றை நடத்தியது; வறிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் அதில் நடந்தார்கள். தேவாலயம் தேவாலயமாக நின்று, தங்கள் ஊரில் மழை எப்படி மாறிவிட்டது என்பதை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். எல்லைக்கு அப்பால் இருப்பவரின் சாட்சியம் ஒரு தொகுதியின் வாக்காளர் காதில் நேரடியாக விழுவது என்பது இதுதான். 2008 அக்டோபரில், சுதந்திரமான வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஏற்று, இலக்கு 80 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பொதுமக்கள் அவையின் இறுதி வாக்கெடுப்பில் 463 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் மூவர் மட்டுமே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கரிம வரவுசெலவு வரம்பு, அதாவது அந்தக் காலத்தில் நாடு மொத்தமாக எவ்வளவு உமிழலாம் என்னும் உச்சவரம்பு, வகுக்கவேண்டும், அரசு தவறினால் நாடாளுமன்றத்தில் விளக்கவேண்டும் என்ற ஏற்பாடுகள் அதில் இருந்ததால்தான் ஆட்சிகள் மாறியும் அது நிற்கிறது. 2019இல் இலக்கு நிகர பூஜ்யமாகவும், அதாவது உமிழும் அளவையும் உறிஞ்சி அகற்றும் அளவையும் சமன்செய்வதாகவும், ஆனது.

அந்தச் சட்டத்திலும் நீதியின் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். வெளிநாட்டில் உற்பத்தியாகி இறக்குமதியாகும் பொருட்களின் உமிழ்வு அதன் கணக்கில் வருவதில்லை. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட இழப்புக்கு ஈடு தருவதைப் பற்றியும் அதில் எதுவும் இல்லை. நடந்துவந்த விருந்தினர்களின் கதை இலக்கின் எண்ணை உயர்த்தப் பயன்பட்டது. அவர்களுடைய ஊருக்கு அதே சட்டத்தில் ஓர் உட்பிரிவு கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு வகை. ரஷ்யாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டை வைத்து 9,600 மெகாவாட் அளவுக்கு அணுமின் நிலையங்கள் அமைக்க அரசு முயன்றபோது, பல சமயத்தவரும் உறுப்பினராக உள்ள தென்னாப்பிரிக்கச் சமயச் சமூகங்களின் சுற்றுச்சூழல் நிறுவனம், வேறோர் அமைப்புடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தது. நாட்டின் ஆற்றல் பணத்தை எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு விழுங்கி, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத மின்சாரத்தைத் தரும் திட்டம் என்பது அவர்களின் கவலை. அந்த நிறுவனத்தின் லிஸ் மெக்டெய்ட் நாடாளுமன்றத்தின் முன் வாராவாரம் விழிப்புநோன்பு நடத்தினார். 2017 ஏப்ரல் 26 அன்று மேற்கு கேப் உயர் நீதிமன்றம், மக்களிடம் கருத்துக் கேட்காமலும் நாடாளுமன்றத்தின் முன் உரிய முறையில் வைக்காமலும் எடுத்த முடிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மெக்டெய்டும் மற்ற அமைப்பின் மக்கோமா லெகலகலாவும் மறு ஆண்டில் சுற்றுச்சூழல் போராளிகளுக்கு வழங்கப்படும் கோல்ட்மேன் விருதைப் பெற்றார்கள். வழிபாட்டின் பொறுமையும் சட்டநுணுக்கமும் ஒரே போராட்டத்தில் சேரமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எல் சால்வடார் எனக்கு மிகவும் வலி தரும் உதாரணம். சிறிய நாடு, மேற்பரப்பு நீரின் பெரும்பகுதி ஏற்கெனவே மாசடைந்தது, காலநிலை மாற்றத்தால் வறட்சி கூடிவரும் பகுதி. உலோகச் சுரங்கத் தொழில் மிஞ்சியிருக்கும் நீரையும் கெடுத்துவிடும் என்று அந்நாட்டு ஆயர்கள் 2007இலேயே எச்சரித்தார்கள். சுரங்க அனுமதி கிடைக்காத ஒரு பன்னாட்டு நிறுவனம் 25 கோடி டாலர் இழப்பீடு கேட்டுப் பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2016இல் தோற்றது. 2017இல் பேராயர் ஹோசே லூயிஸ் எஸ்கோபார் அலாஸும் இயேசு சபையின் பல்கலைக்கழகமும் தாங்களே மசோதாவை எழுதி, மக்களோடு ஊர்வலமாகச் சென்று சட்டமன்றத்தில் கொடுத்தார்கள். அதை ஒட்டி, மார்ச் 29 அன்று 84 உறுப்பினர் கொண்ட அவையில் 69 பேர் ஆதரவுடன், உலோகச் சுரங்கத்தை முற்றிலும் தடைசெய்த உலகின் முதல் நாடாக எல் சால்வடார் ஆனது.

2024 டிசம்பரில் புதிய பெரும்பான்மை கொண்ட அவை அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆணைதான் உடையும், சட்டம் உடையாது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டத்தை உடைக்க அவை கூடவேண்டும், உறுப்பினர்கள் பெயரோடு வாக்களிக்கவேண்டும், நாடே பார்க்க அது நடக்கவேண்டும். அதன்பின் திருச்சபை சும்மா இருக்கவில்லை. 2025 மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கையொப்பங்களைத் திரட்டி, தடையை மீண்டும் கொண்டுவரும்படி சட்டமன்றத்தில் ஒப்படைத்தது. பங்கு ஆலயங்கள் ஊர்தோறும் இருந்ததால்தான் அவ்வளவு குறுகிய காலத்தில் அது முடிந்தது. ஓர் இயக்கம் ஆட்கள் சலித்துப்போனால் கலைந்துவிடலாம்; ஆலயம் அடுத்த வாரமும் திறந்திருக்கும்.

மதம் சட்டமியற்றலில் தலையிடலாமா என்னும் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. மதத்தின் பெயரால் சட்டம் எழுதப்பட்ட இடங்களில் மாற்று நம்பிக்கையினர் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள் அஞ்சுவது நியாயமே. என் எண்ணத்தில் எல்லைக்கோடு இரண்டு இடங்களில் விழுகிறது. வேட்பாளருக்கு வாக்குக் கேட்கக்கூடாது, மசோதாவுக்குக் கேட்கலாம். அமெரிக்க வரிச் சட்டமும் தேவாலயங்களுக்கு ஏறக்குறைய இந்த வேறுபாட்டையே விதிக்கிறது; குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இன்னும் வெளிப்படையாக, 1943 முதலே வாஷிங்டனில் சட்டங்களுக்காகப் பரிந்துபேசத் தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். அடுத்தது, முன்வைக்கும் வாதம் அந்தச் சமயத்தைச் சாராதவரும் எடைபோடக்கூடியதாக இருக்கவேண்டும். நம்மைத் தூண்டுவது மறைநூலாக இருக்கலாம். அவைக் குழுவின் முன் வைப்பது சான்றாக இருக்கவேண்டும். இந்த எல்லைக்குள் நின்றாலும் எதிர்ப்பு வரும். நிறுவனங்கள் வெளிநாடுகளில் மனித உரிமைக்கும் சூழலுக்கும் விளைவிக்கும் கேட்டுக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்ற முன்மொழிவு 2020 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது, பல தேவாலயங்கள் கோபுரங்களில் ஆதரவுப் பதாகைகளைத் தொங்கவிட்டன. வாக்களித்தவர்களில் 50.7 விழுக்காட்டினர் ஆதரித்தும், கான்டன்கள் எனப்படும் அந்நாட்டு மாநிலங்களில் பெரும்பான்மை கிடைக்காததால் அது தோற்றது. தேவாலயங்கள்மீது நீதிமன்ற முறையீடுகளும் எழுந்தன. அப்படிப்பட்ட செலவை ஏற்கத் தயாராக இருப்பதும் இந்தப் பணியின் பகுதிதான்.

நம்பிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் இல்லை என்பதும் உண்மை. 2006இல் அமெரிக்காவின் எவாஞ்சலிக்கல் என்னும் கிறிஸ்தவ மரபின் தலைவர்கள் 86 பேர் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று கையொப்பமிட்டபோது, அதே மரபைச் சேர்ந்த வேறு தலைவர்கள், எரிசக்தி விலை ஏறினால் ஏழைகளே வாடுவார்கள் என்று எதிர்த்தார்கள். அவர்களுடைய முடிவை நான் ஏற்கவில்லை, கேள்வியை ஏற்கிறேன். கரிம வரியில் வரும் பணம் யாருக்குத் திரும்பிப் போகிறது, மூடப்படும் நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளிக்கு ஓய்வூதியம் உண்டா என்பவற்றைச் சட்டத்திலேயே எழுதச் சொல்வதுதான் அதற்குப் பதில். சமய அமைப்புகள் தங்கள் வீட்டையும் ஒழுங்குபடுத்தியாகவேண்டும். உலகக் கிறிஸ்தவ சபைகள் மன்றம் புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் முதலிடுவதில்லை என்று 2014இல் முடிவெடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபை எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து முழுமையாக விலகும் முடிவை 2023இல்தான் அறிவித்தது.

உட்பிரிவை வாசிக்கும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டம் போதும். தொழிற்சங்கங்களும் சூழல் அமைப்புகளும் சமய அமைப்புகளும் சேர்ந்த கூட்டணி முதலில் முன்வைத்த மசோதாவில், காலநிலைக்கான நிதியில் 40 விழுக்காடு பின்தங்கிய சமூகங்களுக்குச் செல்லவேண்டும் என்று இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது குறைந்தது 35 விழுக்காடு என்றும், 40 என்பது இலக்கு என்றும் மாறியது. அதோடு, நிதியின் பங்கு என்பது செலவால் விளையும் பயனின் பங்கு என்றும் ஆகிவிட்டது. ஒரு பகுதிக்கு அனுப்பிய பணத்தை எண்ணிவிடலாம். பயனை எப்படி வேண்டுமானாலும் கணக்கிடலாம். வெற்றி விழாவில் இந்த மாற்றத்தைக் கவனித்தவர்கள், சட்டம் வந்தபின் விதிகள் எழுதப்படும் கூட்டங்களுக்கும் தொடர்ந்து சென்றாகவேண்டியவர்கள்.

இப்போது அமெரிக்காவில் மாசுபடுத்தியவரே பணம் கட்டவேண்டும் என்னும் சட்டங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2024 மே மாதத்தில் வெர்மான்ட்டும் டிசம்பரில் நியூயார்க்கும் பெரும் எரிபொருள் நிறுவனங்களிடம் கடந்தகால உமிழ்வுக்காகப் பணம் வசூலிக்கச் சட்டம் இயற்றின; நியூயார்க்கின் இலக்கு 25 ஆண்டுகளில் 7,500 கோடி டாலர். இரண்டும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கின்றன. நான் இவற்றை முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் அந்தந்த மாநிலத்தின் கரைச்சுவருக்கும் வடிகாலுக்கும்தான் செல்லும். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வறிய நாடுகளுக்கு உதவும் உலகளாவிய 'இழப்பு, சேத நிதிய'த்துக்கு 2023இல் துபாயில் தருவதாக உறுதிசொல்லப்பட்ட தொடக்கத் தொகையோ ஏறத்தாழ 70 கோடி டாலர் மட்டுமே. காலநிலைக் கடமைகளை மீறும் நாடு இழப்பீடு தரவேண்டிவரலாம் என்று 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தபின், அந்த இடைவெளியைக் கருணையின் பெயரால் மட்டும் பேசவேண்டியதில்லை. வசூலாகும் தொகையில் ஒரு பங்கை, வழக்கமான வெளிநாட்டு உதவியிலிருந்து கழிக்காமல், ஆண்டுதோறும் அந்த நிதியத்துக்குச் செலுத்தவேண்டும் என்னும் ஒற்றை உட்பிரிவை, செல்வந்த நாடு ஒவ்வொன்றின் அடுத்த மசோதாவிலும் சமயச் சமூகங்கள் எழுதிக் கேட்கவேண்டும்.